தடித்த கம்பிக்குப் பதில்

கிடாரின் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட் கட்டத்தில் அழுத்தி மீட்டும்போது மட்டும், வீட்டுக்குள் ஏதோ ஒன்று கூடவே முனகியது. வேறு எந்தச் சுரத்துக்கும் அது வாய் திறக்கவில்லை.

ஞானாபரணம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயதுக்கு மேல் பாஸ் கிடார் கற்க வந்தவனுக்கு, அதுவும் பகலெல்லாம் கணபதி ஏரியாப் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு, தன் காதின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இரண்டு விரல்களை மாற்றி மாற்றிக் கம்பியில் நடக்கவிடு என்றால் அவை ஒன்றையொன்று இடறிக்கொண்டன. கிடார் சொல்லித்தரும் ரங்கராஜ் அவனைவிடப் பதினைந்து வயது இளையவன். போனில் கேட்டதும் சிரித்தான்.

"அண்ணா, பாஸ் சத்தம் காத்துல மட்டும் போறதில்லீங்க, செவுத்துலயும் தரையிலயும் போவும். எல்லா ஊட்லயும் ஏதாச்சும் ஒரு சாமான் ஒரு சுரத்துக்கு அதுரும். அதக் கண்டுபுடிச்சு எடுத்து வெச்சுப்போடுங்க, செரியாப் போயிரும்."

அன்று சாயங்காலமே வேட்டை தொடங்கியது. வெளியே மழை. சுற்றியிருந்த பட்டறைகள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருந்தன. இரும்புத்தூளும் நனைந்த மண்ணும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. அவன் ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து மீட்ட, மனைவி ஜெபராணி ஸ்டூல் மேல் ஏறி, பரணிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, போசியெல்லாம் நீங்க வாசிக்கறதக் கேட்டு நடுங்குதுங்க. பாவம், எறக்கி உட்ரலாம்."

அவன் மீட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கேலி பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர்களுடைய ஒரே குழந்தை அழாமலே பிறந்து, அழாமலே போனது. அந்த வாரத்தோடு ஜெபராணி சர்ச் பாடகர் குழுவை விட்டாள். வீட்டிலும் பாடவில்லை, பாத்திரம் கழுவும்போதுகூட. குழுவில் பாஸ் வாசித்த பையன் ஓசூருக்கு வேலையாகிப் போனபோது, "நான் கத்துக்கறேனுங்க ஐயா" என்று ஞானாபரணம் பாஸ்டரிடம் போய் நின்றது சங்கீத ஆசையால் அல்ல. தான் பின்வரிசையில் கிடாரோடு நின்றால், அவளும் பக்கத்தில் வந்து நின்று வாய் திறப்பாள் என்ற நைப்பாசைதான். ஒவ்வொரு இரவும் படுக்குமுன் அவன் தேவனிடம் கேட்டது அது ஒன்றையே.

இட்லிப்பானை வராந்தாவுக்குப் போனது. தட்டுகள் போயின. பீரோ மேலிருந்த தகரப்பெட்டியும், சுவரில் மாட்டியிருந்த வேதவசனப் படச்சட்டமும் போயின. கூடம் மொட்டையாகி, அவர்கள் பேச்சே எதிரொலித்தது. அவன் மறுபடி மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினான்.

முனகியது.

கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அணைத்தான். கிடார் அடங்கிற்று. முனகல் அடங்கவில்லை. அது மெலிந்து, மேலே ஏறி, நடுவில் மூச்சுக்குத் திணறி, விக்கலாக உடைந்து, மறுபடி எழுந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, தரையை ஒட்டிய இருட்டிலிருந்து.

பச்சைக் குழந்தையின் அழுகை.

"பக்கத்து ஊட்டுப் புள்ளையா இருக்கும்," என்றான்.

"பக்கத்துல ஊடு ஏதுங்க? எல்லாம் பட்டறைதானுங்களே." ஜெபராணி ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினாள். "வாசிங்க. நீங்க வாசிச்சா அழுவாம இருக்குது."

வாசித்தான். அழுகை தணிந்து, கம்பியின் ஒலியோடு சேர்ந்து முனகலாயிற்று. கையை எடுத்தான். வீறிட்டது. மறுபடி வாசித்தான். புளித்த பாலின் வாசனை வந்தது. அதற்கு அடியில், ஈரத் துணியின் வாசனை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த மூலைக்கு மட்டும் வெளிச்சம் போகவில்லை.

ஜெபராணி அந்தப் பக்கமாக நடந்தாள்.

"போகாத அம்மணி." அவன் மீட்டிக்கொண்டே சொன்னான். "நம்ம பாப்பா அழவே இல்ல. அவ குரலு எப்படின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இது நம்முளுது இல்ல."

அவள் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை.

"யாரு பெத்ததா இருந்தா என்னங்க? அழுவுதல்ல?"

அழுகிற பிள்ளையைத் தூக்காதே என்று எந்த வேதமும் சொன்னதில்லை. அவன் அம்மா சொன்னதில்லை, பாஸ்டர் சொன்னதில்லை. அவனும் ஆயுளில் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஜெபிக்கப் பார்த்தான். ஒரு சொல்லும் வரவில்லை. விரல்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. இப்போது இடறாமல்.

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சேலையை மடியில் விரித்தாள்.

"வா கண்ணு."

தரையில் ஏதோ நகர்ந்தது. ஈரமாக. சிறிதாக. நின்றது. மறுபடி நகர்ந்தது.

அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சேலை அமுங்கியது. உருண்டையாக ஒரு பாரம். துணி இழுபட்டது. ஈரம் மெல்லப் பரவியது.

ஜெபராணி அந்த வெறுமையைக் கைகளால் வளைத்து அணைத்தாள். குனிந்தாள். பாடினாள்.

அதே குரல். ஞாயிறுதோறும் அவன் பின்வரிசையில் உட்கார்ந்து கண்மூடிக் கேட்ட குரல். இத்தனை வருடங்களில் துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தது. அவன் தேவனிடம் கேட்டதுதான். கேட்டபடியே கிடைத்துவிட்டது. கண்ணீர் தாடை வழியே கிடார் மேல் சொட்டியது.

அவன் நிறுத்தவில்லை. ஒரு கணம்கூட நிறுத்தவில்லை.

இருந்தும், சமையலறையில் இன்னொன்று அழத் தொடங்கியது.

பிறகு குளியலறையில் ஒன்று.

பிறகு வராந்தாவில், மழைக்குள், பாத்திரங்களுக்கு நடுவே. ஒன்றல்ல.

ஜெபராணி பாட்டை நிறுத்தாமல் தலைநிமிர்ந்து கேட்டாள். மடியில் இருந்ததைப் பதமாக ஒரு பக்கம் ஒதுக்கினாள். கசங்கிய சேலையை நீவிவிட்டாள். இடம் விட்டாள்.