புள்ளி மேலேயே இருக்கட்டும்!

“கரண்ட் இன்னைக்கு வராதுங்க! ஆத்தோரக் கம்பமெல்லாம் சாஞ்சு கெடக்குது!”

கோடைமழையில் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார் பரிசல்காரர் சின்னராசு. ஆய்வு மாணவி அங்கயற்கண்ணி இன்குபேட்டரின் கண்ணாடியில் கைவைத்துப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரோ காலையிலேயே இருமி ஓய்ந்திருந்தது.

உள்ளே மணலில் கிடந்தவை முதலை முட்டைகள். மோயாற்று வெள்ளம் கூட்டை மூழ்கடிக்கவிருந்த அன்று அவளே தோண்டியெடுத்தவை. இந்த ஆண்டு தப்பிய கூடு இது ஒன்றுதான். பொரிக்கச் சில வாரங்களே இருக்கையில் குளிர் தீண்டினால் எல்லாம் வீண்.

“அக்கரையில என்ற சித்தப்பாவோட கோழிப்பண்ணை இருக்குது. குஞ்சுகளுக்காக உமி அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும். பரிசலை எடுங்கண்ணா!”

“முதலை இருக்கற ஆத்துலயே முதலை முட்டையத் தூக்கிட்டுப் போறதா? இதுகளோட ஆத்தா பாத்தா என்னையத்தானுங்க புடிக்கும்!”

“சீர் கொண்டுபோற தாய்மாமன்னு சொல்லிக்குங்க!”

தெர்மகோல் பெட்டியில் முட்டைகளை இடம்மாற்றினாள். சாக்கில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளைச் சுற்றிலும் அடுக்கினாள். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு பென்சில் புள்ளி. அது எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். முட்டை புரண்டால் உள்ளிருக்கும் உயிர் மூச்சடைத்துப்போகும்.

நடு ஆற்றில் சுழல் பரிசலைப் பற்றியது!

“சுத்துதுங்க!”

“சுத்தட்டும்! சாய மட்டும் விடாதீங்க!”

மிதந்துவந்த மரமொன்று பக்கவாட்டில் மோதியது. பரிசல் சரிந்தது. அவள் பெட்டியை மடியிலிருந்து தூக்கி, உடல் ஒருபுறம் சாய, கைகளை மட்டும் நேராக ஏந்திக்கொண்டாள். சின்னராசு துடுப்பை ஊன்றி உந்தினார். கரை வந்தது!

கொட்டகையில் சித்தப்பா பழனியப்பன் அடுப்பருகே இடம் ஒதுக்கினார். வெப்பமானி சரியான அளவைக் காட்டும்வரை பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினாள் அங்கயற்கண்ணி. பிறகு ஈரத்தலையைப் பிழிந்துவர வெளியே போனாள். திரும்பியபோது சித்தப்பாவின் விரல்கள் ஒரு முட்டையின்மேல். புள்ளியைக் காணோம்!

“ஐயோ, தொடாதீங்க சித்தப்பா!”

“அடைமுட்டையத் திருப்பாம உட்டா உள்ள இருக்கற கரு ஓட்டோட ஒட்டிக்குமே அம்மிணி! அதான் ஆரம்பிச்சேன்.”

“கோழிக்கருதான் ஒட்டக்கூடாது. இது ஒட்டிக்கிட்டாத்தான் பொழைக்கும்!”

அவர் முகம் வெளுத்தது. மெல்லப் புள்ளியை மேலே கொண்டுவந்தார். மின்சாரம் திரும்பும்வரை கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு அந்தப் பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

முட்டைகள் பத்திரமாக இன்குபேட்டருக்குத் திரும்பின. பொரிக்கும் நாளில் அவரும் வந்துவிட்டார். “உங்க்! உங்க்!” என்று குரல் கொடுத்தபடி குஞ்சுகள் ஓட்டை உடைத்தன. அவர் புரட்டிய முட்டை மட்டும் அசையவில்லை.

பழனியப்பன் குனிந்தார். தொடவில்லை. கோழிகளைத் தீனிக்கு அழைக்கும் குரலில், “பா... பா... பா...” என்றார்.

“உங்க்!”

சின்னராசு துள்ளிக் குதித்தார். ஓடு விரிசல் விட்டது, ஈர மூக்கொன்று எட்டிப்பார்த்தது. சூடு கொடுப்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் அடைகாத்தல்தான் என்பது அங்கயற்கண்ணிக்குத் தோன்றியது.

“இப்பத் தொடலாமா அம்மிணி?”

“தொட்டாக் கடிக்கும் சித்தப்பா.”

“கடிக்கட்டுமே!” என்று அவர் ஆசையோடு விரலை நீட்டினார்.