குடைகள் வரைந்த கை

"இந்த மழையைக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க..."

ஓகிகுபோ ரயில் நிலையத்து வாசலில், நின்றுகொண்டே சோபா நூடுல்ஸ் சாப்பிடும் கடை. பக்கத்தில் நின்றவன் முணுமுணுக்க, மிஹாரு திரும்பினாள். தூக்கத்தைத் தொலைத்த கண்கள்... ஆனாலும் எத்தனை அழகு! வலது மணிக்கட்டில் கட்டு. இடது கைக் குச்சிகளிலிருந்து சோபா மறுபடி நழுவி, அவள் சட்டையில் குழம்பைத் தெறிக்கவிட்டது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க!"

"முள்கரண்டி கேட்கட்டுமா?"

"கேளுங்க. மானம் போனாலும் பசி போகட்டும்."

சிரித்துவிட்டாள். "கையில என்ன?"

"குடை."

"என்னது?"

"அனிமே கார்ட்டூனுக்கு ஒவ்வொரு அசைவையும் கையால வரையறவன் நான். கதை எழுதக் கத்துக்கிற யாரோ ஒரு புண்ணியவதி, 'மழையில் குடைகளோடு கூட்டம் ஓடுகிறது'ன்னு ஒரே வரி எழுதிட்டாங்க. அவங்களுக்கு அது டீ ஆறுற நேர வேலை. எனக்கு? ஒவ்வொரு குடையும், ஒவ்வொரு காலும்... கை போச்சு."

மிஹாரு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அது அவள் வரி. முதன்முதலாகப் படமாகத் தேர்வான அவள் கதை. அந்த வரியை எத்தனை பேரிடம் பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறாள்...

சொல்லவில்லை. கர்வமா, பயமா... அவளுக்கே தெரியவில்லை.

அவன் பெயர் தெரசாகி. அதன்பின் பல மதியங்கள் அங்கேயே சந்தித்தார்கள். அவன் சிரிக்கும்போதெல்லாம் அவள் கண்கள் அந்தக் கட்டுக்கே போயின.

மழைக்காலம் முடியுமுன் ஒருநாள் சொன்னான்.

"இனி பேனா பிடிக்க முடியாதாம். நாளைக்கு மதியம் சொந்த ஊர் அவோமோரிக்கே கிளம்பறேன். அப்பாவோட ஆப்பிள் தோட்டம் இருக்கு."

"அந்தக் குடை வரி... நான் எழுதினதுதான்."

அவன் கிண்ணத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள், கூரையில்லாத நடைமேடை ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றிருந்தான். மிஹாரு ஓடிவந்து குடையை அவன் தலைக்கு மேல் நீட்டினாள்.

"இன்னொரு காட்சி யோசிச்சிருக்கேன். ரயில் மேடை... மழை... ஒரே குடை, ரெண்டு பேர். யாரும் அசையலை."

"அசையலைன்னா ஒரே படம் போதுமே." அவன் குரல் கரகரத்தது. "வசனம்?"

"ஒண்ணே ஒண்ணு. 'போகாதீங்க... உங்களைப் பிடிச்சிருக்கு.'"

"பேசற வாய்க்கு மூணு படம் வேணுங்க. மூடினது, பாதி திறந்தது, முழுசாத் திறந்தது."

"அந்த மூணை... இடது கையால வரைவீங்களா?"

"கோணலா வரும்."

"வரட்டும்."

"ரொம்ப நாளாகும்..."

"ஆகட்டும்."

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, மூடின; ரயில் போய்விட்டது.

மேடையில் ஒரே குடை. இரண்டு பேர்.

யாரும் அசையவில்லை.