மிஞ்சாத பந்தி

செவ்வாய்க் காலனியில் கல்யாண வீட்டு வாசலில் சந்தனம், கல்கண்டோடு ஒரு மாத்திரையும் கொடுப்பார்கள். அதன் பெயர் வயிற்றுமானி. விழுங்கியவரின் பசி எவ்வளவு என்று அது பரிமாறும் இயந்திரமான பந்தியனுக்குச் சொல்லிவிடும். பந்தியன் அந்த அளவுக்கே இலையில் வைக்கும். கண்ணாடிக் கூடாரத்தில் பாடுபட்டு விளைவித்த நெல் ஒரு மணிகூட வீணாகாது.

தணிகாசலத்தின் மகள் கல்யாணத்தில் காலை டிபன் அப்படித்தான் முடிந்தது. எல்லோரும் ஏப்பம் விட்டபடி எழுந்தார்கள். சந்திரனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி மட்டும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை எட்டிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு? டிபன் இன்சஃபிஷியன்ட்!"

தணிகாசலம் ஓடிவந்தார். "யாருக்காவது பத்தலைங்களாம்மா?"

"பத்தாம என்ன? நானே எட்டு இட்லி சாப்பிட்டேன். அது வேற பேச்சு. மிஞ்சலையே! மதியமும் இப்படின்னா சந்திரனே சிரிக்கும்."

அவர் போனதும் பந்தியன் கேட்டது: "ஐயா, என் அகராதியில் இன்சஃபிஷியன்ட் என்ற சொல்லுக்குத் தேவைக்குக் குறைவான என்று பொருள். எட்டு இட்லிக்குப் பிறகும் அவருக்கு என்ன தேவை?"

"அகராதி கெடக்குதுப்பா. என் பொண்ணு காலம் பூரா இதையே சொல்லிச் சொல்லிக் காட்டக் கேக்கணுமே!" என்றார் தணிகாசலம். கூடாரத்தில் வேறு நெல்லும் இல்லை. பாவம், கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

மதியப் பந்தி முடிந்தது. சமையலறை வாசலில் மூன்று அண்டா நிறையச் சாதம், மல்லிகைப்பூக் குவியலாக. கோமளவல்லி தூரத்திலிருந்தே பார்த்து மலர்ந்து போனார்.

"இது கல்யாணம்! எவ்வளவு மிஞ்சியிருக்கு பாருங்க! என்ன பண்ணப் போறீங்க?"

"கொட்டப் போகிறேன், அம்மா" என்றது பந்தியன்.

"பேஷா கொட்டு. சம்பந்தி, ஒரு குறை சொல்ல முடியாது!"

சந்திர ராக்கெட் மணமக்களோடு கிளம்பியபின் தணிகாசலம் அண்டாவில் கையை விட்டார். மேலே கொஞ்சம் சாதம். அடியில் செவ்வாய் மண்.

"மேலே இருப்பது உங்களுக்கு அளந்த சாதம், ஐயா. காலையிலிருந்து நீங்கள் சாப்பிடவில்லை" என்றது பந்தியன்.

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். பந்தியன் மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்து, தன் அகராதியைத் திருத்தியது.

'இன்சஃபிஷியன்ட்: கொட்டுவதற்குப் போதாத.'