கதவைத் தட்டியது நான்தான்!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள்.

"மேடம்... உடனே வாங்க... அவ வேலைக்கு வந்திருக்கா!"

"யாரு?"

"செத்துப்போனவ!"

பேசியது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் மேனேஜர். எப்போதும் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கும் குரல். இன்று நனைந்த துணியாகத் தொங்கியது.



அந்தத் தொழிற்சாலை... அந்தப் பெண்...

'பட்டாசு' என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். தையல் ஹாலில் மூன்றாவது வரிசை. "ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட டோக்கனா? உங்க வீட்டுப் பொம்பளைங்களும் டோக்கன் வாங்கிட்டுத்தான் போறாங்களா?" என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகக் கேட்டவள்.

போன மழைக்காலத்தில், ஒரு காலை, தொழிற்சாலையின் பின்பக்கம் கிடந்தாள். பிணமாக!

"காதல் தோல்வி மேடம். மாடியிலேர்ந்து குதிச்சிட்டா" என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ்! மண்டை பிளந்திருந்தது. ஆனால், சிமென்ட் தரையில் ரத்தம்?

ஒரு சொட்டுகூட இல்லை!

உயிர் போன பிறகு விழுந்த உடம்புதான் இப்படி இருக்கும்.

மேலதிகாரியிடம் சொன்னாள். தொழிற்சாலை முதலாளியும் மேலதிகாரியும் ஒரே கிளப்பில் சீட்டாடுபவர்கள். "ராத்திரி மழையில கழுவிட்டுப் போயிருக்கும்" என்றவர், கேஸையே அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

கடைசி நம்பிக்கை, பட்டாசின் அம்மா. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. நான் போராடறேன்" என்று இன்ஸ்பெக்டர் கெஞ்சினாள்.

"எனக்கு இன்னொரு பொண்ணு இருக்காம்மா. அக்கா இப்படின்னு ஊர் வாய்க்கு அவல் போட்டுட்டு, கோர்ட்டு வாசல்லயும் போய் நின்னா, தங்கச்சியை எவன் கட்டுவான்? போனவ போயிட்டா. இருக்கறவளை வாழ விடுங்க."

சமையலறைத் திரை லேசாக அசைந்தது. அவ்வளவுதான். கேஸ் முடிந்தது.

பட்டாசுதான் முடியவில்லை! முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் நின்றாள். ஜீப்பில் ஏறினால் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் பேசாமல்... ரத்தமே இல்லாத முகத்தோடு...

இன்று ஜீப்பில் ஏறும்போதும் இன்ஸ்பெக்டர் பின் சீட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"பேய் மேல எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது மேடம்?" ஏட்டு கேட்டார்.

"அத்துமீறி நுழைஞ்சதுன்னு போடுய்யா!"

ஜீப் சீறியது.

*

தையல் ஹால்.

மத்தியான வெயில் கூரைத் தகட்டில் கொதித்தது. எல்லா மிஷின்களும் நின்றிருந்தன. பெண்கள் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள்.

ஒரே ஒரு மிஷின் மட்டும் ஓடியது.

ட்ர்ர்ர்ர்ர்...

மூன்றாவது வரிசை. பட்டாசின் மிஷின்!

தலைவிரி கோலமாக ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் துணியே இல்லை!

"யாரு இவ?"

மேனேஜர் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "புதுசா சேர்ந்தவ மேடம். வாயே திறக்க மாட்டா. ஊமச்சின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஆனா இப்ப பேசறா... அதுவும்... அவ குரல்ல!"

இன்ஸ்பெக்டர் அருகே போனாள்.

"யாரும்மா நீ?"

மிஷின் நின்றது. தலை மெல்லத் திரும்பியது.

"என்ன மேடம் மறந்துட்டீங்களா? என் கன்னத்தைத் தொட்டுப் பாத்தீங்களே!"

இன்ஸ்பெக்டரின் முதுகுத்தண்டில் ஒரு பூரான் ஊர்ந்தது.

"நீ... எப்படிச் செத்தே?"

"கறை எடுக்கற ரூம்ல! ஜன்னல்கூட இல்லாத ரூம். டோக்கன் இல்லாம வெளியில போனேன்னு இவன்தான் என்னை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். கெமிக்கல் டின் எல்லாம் திறந்து கிடந்துச்சு. மூச்சு முட்டிச்சு. கதவைத் தட்டினேன்... தட்டினேன்... தட்டிக்கிட்டே இருந்தேன்..."

சுவரோரம் ஒரு விசும்பல்.

"நடிக்கிறா மேடம்!" மேனேஜர் கத்தினார். "இவளைப் பிடிச்சு உள்ள போடுங்க. ஷிப்மென்ட் நிக்குது!"

"நடிப்பா? கதவோட உள்பக்கம் போய்ப் பாரு! என் நகம் கீறின தடம் இருக்கு!"

மேனேஜர் முகத்தில் திடீரென்று ரத்தம் திரும்பியது. சிரித்தேவிட்டார்.

"போய்ப் பாருங்க மேடம், தாராளமா பாருங்க! ஒரு கீறல் இருந்தா என் ஒரு பக்க மீசையை எடுத்துக்கறேன். புத்தம் புதுக் கதவு!"



"புதுக் கதவா?" இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினாள். "எப்ப மாத்தினீங்க?"

"அது... வந்து... மழைக்காலத்துல..."

"ஏன் மாத்தினீங்க?"

"பழசு... கரையான் அரிச்சிடுச்சு மேடம்."

இன்ஸ்பெக்டர் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு!

"இரும்பைக் கரையான் அரிச்சுதா?"

மேனேஜர் வாசல் பக்கம் நகர்ந்தார். 

சுவரோரத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "பழைய கதவு பாய்லர் ரூமுக்குப் பின்னால கிடக்கு மேடம்."

இன்னொருத்தி எழுந்தாள். "தட்டற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

மூன்றாவதாக ஒருத்தி எழுந்தாள். "நான் திறக்கப் போனேன் மேடம். 'வேலை வேணுமா, வேணாமா'ன்னு கேட்டான். புருஷன் படுத்த படுக்கை... ரெண்டு குழந்தைங்க... திரும்பி வந்து மிஷின்ல உக்காந்துட்டேன்."



ஏட்டு கதவை இழுத்து வந்து திருப்பிப் போட்டார்.

பச்சைப் பெயின்ட்டில் கோடு கோடாய் நகத்தடங்கள். நெஞ்சு உயரத்தில் தொடங்கியவை... இடுப்பு உயரத்துக்கு இறங்கின... முழங்கால்... கடைசித் தடம் தரையை ஒட்டி!

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேனேஜர் அப்படியே சரிந்தார். "சாகணும்னு நினைக்கலை மேடம்! பயமுறுத்தத்தான் பூட்டினேன். திறந்து பாத்தா... முதலாளிக்குப் போன் பண்ணேன். மாடிக்குத் தூக்கிட்டுப் போயித் தள்ளிடுன்னு அவர்தான் சொன்னாரு!"

விலங்கு மாட்டி வெளியே கொண்டுபோனார்கள்.

*

ஊமச்சி சாவதானமாகத் தண்ணீர் குடித்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். கண்களில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

"பிரமாதமா நடிச்சே. ஏன் இந்த வேஷம்?"

"நான் கேட்டா சாயங்காலமே சீட்டைக் கிழிச்சிடுவாங்க மேடம். பேய் கேட்டா? செத்தவளை எப்படி டிஸ்மிஸ் பண்ணுவாங்க?"

"நகத்தடம்?"

"குருட்டாம்போக்குலதான் சொன்னேன். உள்ள மாட்டினவ சும்மாவா இருந்திருப்பா?"

"நான் கன்னத்தைத் தொட்டது?"

"இந்த ஜன்னல் வழியா எல்லாரும் பாத்திருக்காங்க. அக்காவை ரூம்ல அடைச்சதையும் இதையும் சாப்பாட்டு நேரத்துல மெல்ல மெல்லச் சொன்னாங்க. போலீஸ்லகூட ஒருத்தர் அழற மாதிரி நின்னாங்கன்னு."

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பைத் தேடினாள்.

"சரி... அந்தக் குரல்? அச்சு அசலா அவ குரல்! எங்கே கத்துக்கிட்டே?"

"கத்துக்கலை மேடம். ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து வளந்தவங்க. பொறந்ததுலேர்ந்தே ஒரே குரல். வாயைத் திறந்தா மாட்டிக்குவேன்னுதான் ஊமச்சியா இருந்தேன்."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீ... அந்தத் தங்கச்சி!"

"எனக்குக் கல்யாணம் ஆகணும்னுதானே எங்கம்மா அக்காவை வாயை மூடிப் புதைச்சாங்க? திரைக்குப் பின்னால நின்னு எல்லாம் கேட்டேன். அப்படிப்பட்ட கல்யாணமே வேணாம்னு இங்கே சேர்ந்துட்டேன்."

"அக்கா ஜாடை இருக்கே... மேனேஜர் கண்டுபிடிக்கலையா?"

ஊமச்சி சிரித்தாள்.

"எங்க மூஞ்சியை அவர் என்னிக்கு மேடம் பாத்தாரு? கையைத்தான் பாப்பாரு... வேகமா ஓடுதான்னு."

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தது.

முதலாளி!

"ஏய்! யாரைக் கேட்டு என் மேனேஜர் மேல கை வெச்சே?"

"செத்துப்போன பொண்ணைக் கேட்டு சார்."

"விளையாடறியா? நான் யாருன்னு தெரியுமா? தைரியம் இருந்தா அவளை என் முன்னால வந்து பேசச் சொல்லு!"

"முன்னால எதுக்கு சார் சிரமம்..." இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தபடி சொன்னாள். "அட்ரஸ் வாங்கிட்டு அப்பவே கிளம்பிட்டா. எதுக்கும் ஒரு தடவை பின்னால திரும்பிப் பாருங்க!"