கூண்டின் பின்னறை

கூண்டின் பின்னறையில் கட்டியிருந்த ஆடு, முன்னால் கிடந்த தழையைத் தொடவேயில்லை. கத்தவுமில்லை. மஞ்சூரைத் தாண்டி, தேயிலை முடிந்து சோலை தொடங்கும் அந்த விளிம்பில், பிற்பகல் மூடுபனி பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்துகொண்டிருக்க, அது நான்கு கால்களையும் குவித்துக் கம்பியோடு ஒட்டி நின்றது.

ஜெஸிந்தா கவனித்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வனத்துறைச் செலவுகளைத் தணிக்கை செய்ய வந்த குழுவில் அவளும் ஒருத்தி. சிறுத்தைக்கு வைத்த இந்தக் கூண்டில் இதுவரை ஒரு சிறுத்தையும் விழவில்லை. இரைக்கு வாங்கிய ஆடுகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. ஊழியர்களே அடித்துத் தின்றிருப்பார்கள் என்று குழு நினைத்தது. அவள் நேரில் பார்த்து அதை உறுதி செய்துவிட்டால், கூண்டுக்குப் பொறுப்பான வாட்சர் வடிவேலின் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

"பூட்டு ஒடையலைங்க மேடம்," என்றார் வடிவேல். பின்னறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. "முன்கதவும் விழுகலை. காலையில வந்து பார்த்தா கயிறு மட்டும் கெடக்கும். ஆடு இருக்காது."

"கயிறு அறுந்திருக்குமா?"

"இல்லைங்க. போட்ட முடிச்சு போட்டபடி." இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்க ஊட்டுல இந்த வேலையே வேண்டாம், வந்துருங்கங்கறாங்க. இந்த வயசுல வேற எங்கீங்க போறது?"

அவள் குனிந்து, திறந்திருந்த முன்கதவு வழியே கூண்டுக்குள் நுழைந்தாள். துருவும் பழைய மூத்திரமும் கலந்த வீச்சம். ஆட்டையும் தன்னையும் பிரித்த தடுப்புக் கம்பிகளை யாராவது வளைத்த அடையாளம் தெரிகிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே போனவள், தரையில் கதவை விழவைக்கும் மிதிபலகை இருப்பதை மறந்து அதை மிதித்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் கதவு தடாலென்று இறங்கியது.

வடிவேல் வெளியிலிருந்து தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"சட்டம் கோணிக்கிச்சுங்க. பேக்டரிக்குப் போயி கடப்பாரை எடுத்துட்டு ஓடியாந்துர்றேன். பயப்படாதீங்க மேடம். உள்ள இருக்கறவங்களை எதுவும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் செருப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கித் தேய்ந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. மூடுபனி முதலில் சோலையை விழுங்கியது, பிறகு தேயிலையை, பிறகு கம்பிகளுக்கு இடையே புகுந்து, ஈர மண்ணும் அழுகிய இலையும் மணக்க, அவள் முகத்தின் மேல் குளிர்ந்த துணியைப் போல் படர்ந்தது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆடு மூச்சு விடுவது கேட்டது. வேக வேகமாக. அந்த மூச்சுதான் அவளுக்குத் துணை.

அது நின்றுவிட்டது.

அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். தரையில் கயிறு கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. வளையம் அப்படியே இருந்தது. வளையத்துக்குள் ஒன்றுமில்லை. பூட்டு பூட்டியபடி தொங்கியது.

கண்ணெதிரே இருந்தது எப்படிப் போகும்? வடிவேல் பொய் சொல்லவில்லை என்பதை அவள் அப்போது நம்பினாள்.

"ம்மே" என்றது ஆடு. வெளியே, இடது பக்கம். அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. எப்படியோ தப்பித்துவிட்டது.

"ம்மே." இப்போது பின்னால். காலடியே கேட்கவில்லை. மறுபடி வலது பக்கம், இன்னும் நெருக்கத்தில், இன்னும் நிதானமாக, ஒரு சொல்லை வாயில் வைத்துப் பழகுவது போல.

"மே... ம்மே... மே...டம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மேடம்," என்றது பின்னறை. வடிவேலின் குரல். அதே இழுப்பு. ஆனால் ஆட்டின் வாய் இருக்கும் உயரத்திலிருந்து. "உள்ள இருக்கறவங்களை எதுவும் ஒண்ணும் பண்ண முடியாது."

மூடுபனிக்குள் மூடுபனியைவிடக் கறுப்பாக ஏதோ நிமிர்ந்தது. கூரை இடித்ததும் குனிந்தது. இரண்டு கால்கள். தரையில் கிடந்த கயிறு இப்போது அதன் கழுத்தில்.

அவள் கதவு வரை நகர்ந்தாள். அதற்கு மேல் நகர இடமில்லை. செல்போன் கை நழுவி விழுந்து அணைந்தது.

செருப்புச் சத்தம். இரும்பு கல்லில் உரசும் ஓசை. மூச்சிரைப்பு. கீழே மூடுபனியில் ஒரு டார்ச் மங்கலாக ஆடியபடி ஏறி வந்தது. நிஜமான வடிவேல்.

"மேடம், இருக்கீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்பே அவளுடைய குரல் பேசிவிட்டது.

"இங்க இருக்கேன். சீக்கிரம் வாங்க."

பின்னறையிலிருந்து.

டார்ச் வெளிச்சம் நின்றது. திரும்பியது. "அந்தப் பக்கம் எப்படிங்க போனீங்க?" என்று கேட்டபடி அவர் கூண்டைச் சுற்றி நடந்தார். கடப்பாரையைக் கீழே போட்டார். இடுப்பில் சாவியைத் தேடினார்.

"திறக்காதீங்க!" என்று ஜெஸிந்தா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அதே சொல்லை, அரை நொடி பிந்தி, அதே குரலில், அதுவும் கத்தியது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, சொல் பிரியாத வெறும் அலறலாகக் கேட்டன.

"பதறாதீங்க மேடம். இதோ ஆச்சு."

பூட்டு திறந்து கொண்டி விலகியது. அதுவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்த அது, கழுத்துக் கயிற்றோடு, மெல்ல அவர் பக்கம் திரும்பியது.