ஏழு முதுகுகள்

பலகையில் ஒரு கண் தெரிந்தது.

விஜயன் டீ கோப்பையைக் கீழே வைத்தான். கிள்ளான் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மூன்று வாரமாக அந்த மரப்பலகை தொங்குகிறது. காட்டுக்குள் போகும் ஏழு யானைகள். ஏழும் முதுகு காட்டிப் போயின. இப்போது சிறியது மட்டும் லேசாகத் திரும்பியிருந்தது.

“லோகா, இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?”

“நீங்க கொண்டாந்தது. என்னைக் கேட்டா?” சந்தைக்குக் கிளம்பிய லோகேஸ்வரி பாசார் பையுடன் வந்து பலகையைத் தொட்டாள். “ஈரமா இருக்குலா. நாலு மணிக்கு போலீஸ் சார்ஜன் கூப்பிடுவாரு. கம்பி நீங்க குடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பாவம், அந்த மனுசன் லாக்கப்புல கெடக்குறாரு. அதுல உங்களுக்கு என்ன போவுது?”

ஒன்றும் போகாது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

பலகையைச் செதுக்கியவர் சிடின். பகாங் மாநிலத்தில் விஜயன் மேற்பார்வை பார்த்த செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமமான கம்பத்துக்காரர். யானை என்று சொல்லமாட்டார், தாத்தா என்பார். அவர் அப்பா காலத்தில் அவை கம்பத்து வழியாகவே போகுமாம். ஆட்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்களாம். போகிற தாத்தாவைத்தான் செதுக்கலாம், வருகிறவரைச் செதுக்கக் கூடாது என்றார். பலகைக்குக் காசு வாங்கவில்லை. துணி காயப்போட ஒரு சுருள் கம்பி கேட்டார். விஜயன் தோட்டத்துக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம், லேசான அதிர்ச்சி தந்து யானைகளை விரட்டும் வேலியின் மின்பெட்டி பழுதானது. யானைகள் செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கித் தின்றன. விஜயன் கிடங்கிலிருந்த அதே கம்பியில் ஒரு துண்டை வெட்டி, லயத்து வீட்டுக் கரண்டை நேராக வேலிக்குக் கொடுத்தான். ஒரே ஒரு ராத்திரிக்கு.

விடியும்போது தாய் யானை செத்துக் கிடந்தது. குட்டி அதன் பக்கத்தில் நின்றது. பட்டாசு கொளுத்திப் போட்டுத் துரத்தினான். இணைப்பைக் கழற்றினான். யானையின் காலுக்கடியில் சிக்கிய ஒரு முழம் கம்பியை மட்டும் எடுக்க முடியவில்லை. வந்த அதிகாரிகள் அதே கம்பியை சிடின் வீட்டில் கண்டுபிடித்து, அவரைப் பிடித்துப் போனார்கள்.

விஜயன் கிள்ளானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

லோகேஸ்வரி போனதும் மழை பிடித்தது. கூடம் அந்திபோல் கறுத்தது. கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரையில் கொட்டும் மழைக்கு அடியில், கீழே ஏதோ லோரி எஞ்சினை அணைக்காமல் நிற்பதுபோல ஓர் அதிர்வு தரை வழியாக ஏறி, முழங்கால்களில் நின்று, பிறகு நெஞ்செலும்பில் வந்து தங்கியது. சன்னல் வழியாகப் பார்த்தான். லோரி ஏதும் இல்லை. சேற்று வாடையும், பிளந்த செம்பனைக் குருத்தின் இனிப்பு வாடையும் அடித்தன.

பலகையில் மூன்று முகங்கள்.

போன் அடித்தது.

“விஜயன் அண்ணே, சார்ஜன் பாலன் பேசுறேன். சாப்டாச்சா? ஒரே கேள்விதான் பாஸ். கம்பி நீங்க குடுத்ததுன்னு அந்தாளு சொல்றாரு. நீங்க ஆமான்னா இன்னிக்கே விட்டுடுவோம்.”

இன்றைக்கு அவரை விடுவார்கள். நாளைக்கு வேலியைப் பார்க்கப் போவார்கள்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இல்லீங்க. நான் குடுக்கல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப அந்தாளுதான். சரிண்ணே, தொந்தரவுக்கு மன்னிக்கணும்.”

மழை நின்றது. அதிர்வும் நின்றது.

பலகையைப் பார்த்தான். மரங்கள் இருந்தன. நடுவில் பாதை இருந்தது. பாதை காலியாக இருந்தது.

பின்னால் மூச்சு.

சூடானது. ஈரமானது. தோள் உயரத்தில்.

அதற்கும் பின்னால், பெரிய மூச்சுகள். காத்திருந்தன.

அவன் திரும்பவில்லை. சுருக்கங்களும் முள்மயிருமான ஒன்று காதைத் தொட்டது. தாடையைத் தடவியது. உதட்டில் நின்றது.

தாய் என்ன தின்றது என்று அறிய, குட்டி அதன் வாய்க்குள் துதிக்கையை விடும்.

அலற வாயைத் திறந்தான்.

அது உள்ளே வந்தது. நிதானமாக. பல்பல்லாகத் தடவி, நாக்கைப் புரட்டி, அடியில் அவன் சொல்லாத ‘ஆமா’வைத் தேடியது.