உட்கார ஆள் இல்லாத தம்பதி

மதுரைப் பக்கம் கல்யாணப் பேச்சு நடக்கும்போது மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "காருக்குள்ள உக்கார வீட்டுல ஆள் இருக்கா?"

ஆள் உண்டு என்றால் காபி வரும். வேலைவெட்டி இல்லாத பெரியப்பா, கல்யாணம் ஆகாத அத்தை, யாராவது ஒருவர் போதும். அப்படி இரண்டு பேர் இருந்துவிட்டால் ஜாதகத்தைக்கூட யாரும் புரட்டுவதில்லை.

காரணம் எளிது. பழைய மதுரைக்குள் வண்டி போகக் கூடாது. முதலில் கோயிலைச் சுற்றியிருந்த சித்திரை வீதிகளில் தடை வந்தது. பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தடை ஒவ்வொரு சுற்றாக வெளியே நகர்ந்தது. புதுப்புது வீதிகளுக்குப் பெயர் வைத்ததில் மாதங்கள் பன்னிரண்டும் தீர்ந்துபோயின. அதன்பின் அறுபது வருடங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பிரபவ வீதி, விபவ வீதி எல்லாம் தாண்டி இப்போது எல்லை சுக்ல வீதியில் நிற்கிறது. அங்கே இறங்கி நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ரயிலில் வரலாம் என்றால் ரயில் நிலையமும் பாரம்பரியச் சின்னம். அதற்குள் ரயிலை விடுவதில்லை.

சொந்தக் காரும் பேருந்தும் ஒழிந்து எழுபது வருடமாகிறது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு வாடகைக் கார். அது தானே ஓடும். ஆனால் காலியாக ஓடக் கூடாது. நிறுத்த இடம் கிடைக்காதவர்கள் காரைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போய், ஊரெல்லாம் ஆளில்லாத கார்களால் அடைபட்ட ஒரு காலம் இருந்தது. காலியாக நிற்கவும் கூடாது. ஆள் இருக்கும் வண்டி நிறுத்திய வண்டி அல்ல, காத்திருக்கும் வண்டி என்பது சட்டம். உட்காருகிறவர் ரத்த உறவாகவோ மண உறவாகவோ இருக்க வேண்டும். காது மடலில் பதித்திருக்கும் உறவுச்சில்லு அதைச் சொல்லிவிடும். கார் காலியாகி ஏழு நிமிடம் ஆனால் அதுவே போய்க் காட்டிக்கொடுக்கும். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க நடைதான்.

பெத்தணனும் மங்கையர்க்கரசியும் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, காலை பத்தரை மணிக்குச் சுக்ல வீதியில் வந்து நின்றார்கள். இருவருக்கும் விவாகரத்து வேண்டும். சண்டைக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒருவர் மூச்சுவிடும் சத்தம் மற்றவருக்குப் பிடிக்கவில்லை.

மணவிலக்கு மன்றம் மாசி வீதியில் ஒரு பழைய மாளிகையில் இருக்கிறது. அங்கே இருவரும் நேரில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்தே பொத்தானை அழுத்தி விலகும் வசதி முன்பு இருந்தது. ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டியன்று மட்டும் எட்டாயிரம் பேர் விலகியதால் அதை எடுத்துவிட்டார்கள்.

விலகாதவரை இருவருக்கும் ஒரே அட்டை. ஒரே அட்டைக்கு ஒரே கார். ஒரே காரில் வந்தால் இருவரும் இறங்க முடியாது. இருவரும் இறங்காமல் விலக முடியாது. இப்படியே ஆறு வாய்தா போனது. இன்று ஏழாவது. பன்னிரண்டு மணிக்குள் இருவரும் போய் நிற்காவிட்டால் வழக்கை மூடிவிடுவார்கள். மறுபடி போட முடியாது.

"உங்க பெரியப்பாகிட்ட கேட்டீங்களா இல்லையா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"கேட்டேன். கோயிலுக்குப் போறீங்களா, மூணு நாள்கூட உக்கார்றேன். நீங்க பிரியிறதுக்கு நான் உக்காந்தேன்னு நாளைக்கு ஊர்ல பேசுவாய்ங்கன்னுட்டாரு. உங்க சித்தி?"

"அதே பதில்தான். கூடவே அரை மணி நேரம் அழுகை."

"எனக்குன்னு பாத்துக் கட்டிவெச்சாங்களே, உக்காரக்கூட ஆளில்லாத குடும்பமா."

"உங்க குடும்பத்துல எல்லாரும் உக்காந்துதான இருக்காங்க? கார்ல உக்கார மட்டும் என்னவாம்?"

பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். பெயர் பஞ்சவர்ணம். ஐம்பது வயதிருக்கும். அவள் காரின் ஜன்னலில் கொடி கட்டித் துணி காய்ந்தது. பின்பக்கத்தைத் திறந்துவைத்துப் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாக்கா இங்க இருக்கீக?" என்றான் பெத்தணன்.

"பதினோரு வருசம் தம்பி. என் கூடப்பொறந்தவன் அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்னு உள்ள போனான்."

"தேடலையா?"

"எந்திரிச்சா கார் காலியாயிருமே. உள்ள கல்யாணம் கட்டி ரெண்டு பிள்ளையாம். நல்லாருக்கட்டும். வந்தான்னா செருப்பாலயே அடிப்பேன்."

சுக்ல வீதி முழுவதும் அப்படித்தான் இருந்தது. நாற்பதாயிரம் கார்கள், நாற்பதாயிரம் உறவினர்கள். உள்ளே பழைய ஊரில் குடியிருந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை.

மணி பத்து ஐம்பது. மங்கையர்க்கரசி பஞ்சவர்ணத்தின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரு மணி நேரம் எங்க கார்ல உக்காருங்களேன்."

"நான் உங்களுக்கு யாரு தாயி? சில்லு ஒத்துக்காதே. என் காரு வேற காலியாயிரும்." பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு செய்யலாம். உங்க தாத்தா ஊரு எது?"

தோண்டியதில், பெத்தணனின் பாட்டனாருடைய கொழுந்தியாள் மகளும் பஞ்சவர்ணத்தின் தாயாரும் பாலையம்பட்டியில் ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள் என்று தெரிந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இப்படித் தோண்டினால் யாருக்கும் யாரும் உறவுதான். இருவரும் இறங்கி நிற்க, பஞ்சவர்ணம் தன் காரில் உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து, வலது காலைத் தூக்கி அவர்கள் காருக்குள் வைத்தாள்.

"இருக்கையில் மனிதர் முப்பத்தொரு சதவீதம்," என்றது கார். "உறவு மூன்று சதவீதம். இது போதாது."

"இன்னொரு கால வெச்சா?"

"அந்தக் கார் காலியாகிவிடும்."

அதற்குள் வீதிக்காவலி வந்துவிட்டது. மூன்று சக்கர இயந்திரம். பழைய போக்குவரத்துக் காவலர்களின் குரல்பதிவுகளைக் கொண்டு பேசக் கற்றது. மரியாதை அந்தப் பதிவுகளில் இல்லை.

"ஏம்மா, கால எடு. ரெண்டு வண்டிக்கு ஒரு ஆளா? அறிவிருக்கா?"

"சொந்தக்காரய்ங்கதான் சார்," என்றான் பெத்தணன்.

"யோவ், மூணு சதவீதமெல்லாம் எனக்கும்தான்யா சொந்தம். வண்டிய எடு."

"எங்க சார் எடுக்குறது?"

"அது என் வேலையில்ல. எடு."

மங்கையர்க்கரசி காரைவிட்டு விலகி நின்றாள். "நீங்க உக்காருங்க. நான் போய் நிக்கிறேன். ஒரு ஆளு நின்னா போதும்னு கால்ல விழுந்து கேக்குறேன்."

"ஆறு தடவை விழுந்தாச்சு. எழுந்திரும்மான்னு வாய்தாதான் குடுத்தாய்ங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை அவன் ஆறு வருடத்தில் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்காததுபோல் இருந்தான்.

பதினொன்று பத்துக்கு எல்லாக் காவலிகளும் ஒரே நேரத்தில் பச்சை நிறத்துக்கு மாறின. குரலும் மாறியது. திட்டும் குரல் போய், அரசாணை வாசிக்கும் குரல் வந்தது.

"அனைவரும் கவனிக்கவும். காரில் உறவினரை உட்காரவைத்துவிட்டுப் போகும் தொன்மையான பழக்கம் தடையின்றித் தொடரும் ஒரே இடம் என்பதால், சுக்ல வீதி இந்த நிமிடம் முதல் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதி. பாரம்பரியப் பகுதியில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வாகனங்களை அரசே அகற்றும். இனி எல்லை, பிரமோதூத வீதி."

வானத்திலிருந்து தூக்கிகள் இறங்கின. ஆட்களை மெதுவாக இறக்கிவிட்டுக் கார்களைக் கவ்விக்கொண்டு போயின. பஞ்சவர்ணம் பருத்திப்பால் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி தரையில் நின்றாள். பதினோரு வருடம் உட்கார்ந்ததில் முழங்கால் நிமிர மறுத்தது.

காவலிகள் வரிசையாக வந்து ஒவ்வொருவர் காது மடலையும் படித்துப் பதிவுசெய்தன. "சரி, போகலாம்," என்றது ஒன்று.

"ரெண்டு பேருமா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"காரே இல்லையே. யாருக்காக உட்காரப் போகிறீர்கள்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓடினார்கள். விபவ வீதியில் அவள் செருப்பு அறுந்தது. பங்குனி வீதியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நின்று, அவள் கையை நீட்ட, அவன் பிடித்துக்கொண்டு ஓடினான். ஒரே காரியத்துக்காக இருவரும் சேர்ந்து ஓடியது அதுதான் முதல் தடவை. பதினொன்று ஐம்பத்தாறுக்கு மன்றத்தின் முன் போய் நின்றார்கள்.

குமாஸ்தா மனிதர்தான். இருவர் காது மடலையும் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சுக்ல வீதியில இருந்தா வர்றீக?"

"ஆமா. நேரமிருக்கு சார், இன்னும் நாலு நிமிசம்," என்றான் பெத்தணன்.

"நேரம் பிரச்சினையில்ல தம்பி. அறிவிப்பு வந்தப்ப அங்க இருந்ததெல்லாம் பட்டியல்ல ஏறியாச்சு. உங்களையும் ஏத்திருக்காங்க." திரையைத் திருப்பிக் காட்டினார். "பொருள் எண் பதினேழாயிரத்து நாற்பது. தம்பதி, ஒரு ஜோடி. நிலை: பூசலில். அசல் வடிவம் சிதையவில்லை."

"அதனால?" என்றாள் மங்கையர்க்கரசி.

"பாதுகாக்கப்பட்ட அமைப்பம்மா. ரிப்பேர் பாக்கலாம். விரிசல் இருந்தா பூசலாம். வெள்ளையடிக்கலாம். இடிக்கக் கூடாது."

"அது கட்டடத்துக்குங்க!"

"சட்டத்துல அமைப்புன்னுதான் போட்டிருக்கு."

"உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெறும் சுவரு."

"இந்த ஊர்ல முக்காவாசி அரமனை அப்பிடித்தான்மா இருக்கு. டிக்கெட் வாங்கிப் பாத்துட்டுத்தான போறாங்க?"

பன்னிரண்டு மணி அடித்தது. வழக்கு மூடப்பட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. மங்கையர்க்கரசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பெத்தணன் அவளுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தான்.

"இனி நாங்க என்ன செய்யணும்?" என்றான்.

குமாஸ்தா விதிகளைப் படித்தார். "ஞாயித்துக்கிழமையும் விசேச நாளும் பத்துலருந்து அஞ்சு வரைக்கும் சுக்ல வீதியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும். ஒருத்தர ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல. யாராச்சும் படம் எடுத்தா லேசா சிரிக்கணும். எப்பிடி இருக்கீகன்னு கேட்டா நல்லாருக்கோம்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லணும்."

"மத்த நேரத்துல?"

"மத்த நேரம் உங்க இஷ்டம்மா. அத யாரு வந்து பாக்கப்போறா?"

இருவரும் கைநாட்டுப் பதித்தார்கள். இதற்குப் பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு என்று விதியில் இருந்தது. அதற்கு வர வேண்டுமா என்று பெத்தணன் கேட்டதற்குத் தேவையில்லை என்று குமாஸ்தாவே சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களின் கல்யாண வீடுகளில் ஆறு வருடமாக அவர்கள் செய்துவந்தது இதைத்தான். அரசாணை மட்டும்தான் புதிது.